கேத வீட்டில் தப்பித்துவிடுவேன், ஆஸ்பத்திரியில்தான் மாட்டுவேன்

கேதத்துக்கு, அதாவது துக்கம் விசாரிக்க, போன இடத்தில் என்னை யாரும் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போதுதான் அந்தப் பெயர் கிடைக்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. மகனுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்து, அவனுக்காக அலைந்ததில் எனக்கும் அதுவேதான் என்று முப்பதுகளின் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

கேத வீட்டில் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று யாரும் ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டார்கள். நாமாகவே உள்ளே போய், பெண்கள் கூடியிருக்கும் இடத்தில், இழப்பு நேர்ந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அழுகை வந்தால் அழலாம், வராவிட்டால் தலையைக் குனிந்துகொள்ளலாம். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வீடு திரும்பினால் குளியல். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எந்தக் காரியத்தையும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழும் நேரத்தில் மட்டும் உடம்பு விறைத்துப்போகும். அதுவும் எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரியுமாதலால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு முறை கிடையாது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதோடு விதி முடிந்துவிடுகிறது. அப்புறம் அவரவர் சாமர்த்தியம். ‘ஐயோ, முகமே இப்படி வாடிப்போச்சே’ என்பார் ஒருத்தர். ‘ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல எழுந்து ஓடப் போறீங்க’ என்பார் இன்னொருத்தர். முதலாவது படுத்திருப்பவரைப் பயமுறுத்தும், இரண்டாவது பொய். இருந்தும் இரண்டுமே ஆறுதல் கணக்கில் சேர்ந்துவிடும். என் கண்ணோ நேராக மேஜைமேல் இருக்கும் ரிப்போர்ட் ஃபைலுக்குப் போகும். நான் திருச்சியில் ஒரு லேபில் டெக்னீஷியன். பெரியப்பா அட்மிட் ஆகியிருந்தபோது, அவர் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுகிறார் என்று அறை முழுக்க அழுகை. ரிப்போர்ட்டில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135-க்கு மேல். வயதானவர்களுக்குச் சோடியம் இவ்வளவு இறங்கினால் புத்தி தடுமாறும். ஏற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ‘இதுக்கு டிரிப் ஆரம்பிச்சாச்சா?’ என்று நர்ஸிடம் கேட்டேன். ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருந்தது. பெரியம்மாவிடம் திரும்பி, ‘மூளையில கோளாறு இல்ல பெரியம்மா, உப்பு குறைஞ்சிருக்கு’ என்றேன். எனக்குத் தெரிந்து அந்த அறையில் சொல்லப்பட்ட மிகப் பெரிய ஆறுதல் அதுதான். ஆனால் ஊருக்குப் போன செய்தி வேறு: ‘பெரியப்பா எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை கேட்கல, ரிப்போர்ட்டைத்தான் புரட்டிக்கிட்டு இருந்தா.’

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முட்டி ஆபரேஷன் நடந்தபோதும் இதே கதைதான். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எது சாப்பாட்டுக்கு முன், ஐஸ் பேக் எப்போது, பிசியோ எப்போது என்று அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டி, ராத்திரி அலாரம் வைத்து எழுந்து கொடுத்தேன். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, ‘மருமக பக்கத்துல உட்கார்ந்து ஆறுதலா நாலு வார்த்தை பேச மாட்டேங்குறாளே’ என்று அத்தையிடமே சொன்னாள். அத்தை, ‘பேசறதுக்குத்தான் நீங்கள்லாம் வர்றீங்களே, மாத்திரை யாரு குடுப்பா?’ என்று கேட்டுவிட்டார். அத்தையை எனக்குப் பிடிக்கும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரியாது, ஆகவே இரக்கம் கிடையாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ரொம்பப் பழையது. 1943-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் லியோ கான்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, மற்றவர்களோடு உணர்ச்சித் தொடர்பு கொள்வதில் உள்ள கோளாறு என்று இருந்தது. அப்புறம் 1985-இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைத் தன் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துவிடுகிறது. சாலி திரும்பி வந்ததும் குண்டை எங்கே தேடும்? கூடையில் என்பதுதான் சரியான விடை. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். மற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள்.

இந்தச் சோதனை கேட்டது ஒரே ஒரு விஷயம்: இன்னொருவர் மனதில் என்ன நினைப்பு ஓடுகிறது என்று ஊகிக்க முடிகிறதா? சாலிக்குக் குண்டு தொலைந்ததில் வருத்தம் இருக்குமா, அந்த வருத்தம் உன்னைத் தொடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த 4 பேர் சரியாகச் சொன்னதையும் பிற்பாடு பேசியவர்கள் மறந்துவிட்டார்கள். ‘ஊகிப்பது கஷ்டம்’ என்ற முடிவு, கைமாறிக் கைமாறி ‘உணர்வே இல்லை’ என்று ஆகி, எங்கள் தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது.

இந்த இரண்டும் தனித்தனி என்பதற்கு நான் வேலை பார்க்கும் அறையே எனக்குச் சாட்சி. குழந்தைகளுக்கு ஊசி குத்தும் முன் அங்கே எல்லாரும் சொல்லும் வசனம், ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்.’ நான் சொல்ல மாட்டேன். ‘வலிக்கும். நான் பத்து வரைக்கும் எண்ணுவேன், அதுக்குள்ள ஊசி வெளிய வந்துடும். நீ கையை மட்டும் அசைக்காதே’ என்பேன். அம்மாக்கள் என்னை முறைப்பார்கள். குழந்தைகள் எண்ண ஆரம்பித்துவிடும். வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துக் கொடுத்து நரம்பு உள்ளே ஒளிந்துகொண்ட பெரியவர்கள், ‘அந்தப் பேசாத பொண்ணு இருக்கா?’ என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். விரலால் தடவித் தடவித் தேடி ஒரே குத்தில் எடுப்பேன். ஆனாலும் புகார்ப் புத்தகத்தில் ‘முகத்தில் சிரிப்பே இல்லை’, ‘மெஷின் மாதிரி நடந்துகொள்கிறார்’ என்று என் ஷிஃப்டைக் குறிப்பிட்டு எழுதியிருப்பார்கள்.

அந்த மெஷினுக்குள் நடப்பது இது: குழந்தை வீறிட்டு அழும்போது எனக்கும் முழங்கை மடிப்பில் சுள்ளென்கும். கை நடுங்காமல் இருப்பதற்கே முழுக் கவனமும் போய்விடும். முகத்துக்கு மிச்சம் இருக்காது. எடுத்து முடித்து, ட்யூபில் பெயர் ஒட்டிவிட்டு, ஸ்டோர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

நிற்கும்போது எனக்கு என்ன ஆகிறது என்பதும் உடனே தெரியாது. வயிற்றைப் புரட்டும். பசி என்று நினைத்து பிஸ்கட் தின்பேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பார்த்துவிட்டு, ‘இன்னைக்கு யாரு அழுதாங்க?’ என்பார். அப்போதுதான் அது பசி இல்லை, வருத்தம் என்று புரியும். தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே அடையாளம் தெரியாத இந்த நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. மற்றவர்களில் ரொம்பக் குறைவு. பாதிப் பேருக்கு இல்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஜெஃப் பேர்டும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தனக்கு நெருக்கமான ஒருவருக்கு வலி தரப்படும்போது பார்ப்பவரின் மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வலியைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியின் துடிப்பு, அலெக்ஸிதைமியா எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துக் குறைந்தது. ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. ஆட்டிசத்தின் தலையில் கட்டப்பட்ட பழியில் ஒரு பங்கு வேறொன்றுக்குச் சேர வேண்டியது.

இதற்கு நான் பழகிக்கொண்ட வழி சுலபமானது. ‘எனக்கு இப்போது என்ன உணர்ச்சி?’ என்று கேட்டுக்கொண்டால் பதிலே வராது. தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா, விரல்கள் சில்லென்று இருக்கின்றனவா என்று உடம்பிடம் கேட்டால் பதில் வரும். இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு அது பெரும்பாலும் பயம். தாடை மட்டும் என்றால் கோபம். ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் பட்டியலை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகனுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தெரபிக்குப் போன இடத்தில் அவனுக்கு முகப் படங்கள் வரைந்த அட்டைகளைக் காட்டினார்கள். சிரிக்கிற முகம் மகிழ்ச்சி, அழுகிற முகம் வருத்தம். நன்றாகவே படித்துவிட்டான். கொஞ்ச நாளில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். கெட்டிமேளம் முழங்குகிறது, அத்தை கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். தம்பி காதைப் பொத்திக்கொண்டே மேடை ஏறி, ‘நிறுத்துங்க, பாட்டிக்கு வலிக்குது!’ என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. சிலர் முகம் சுளித்தார்கள். அந்த இடத்தில் பாட்டிக்கு ஒன்று என்றால் மேளச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓடி வந்தவன் அவன் ஒருத்தன்தான் என்று எனக்குப் பட்டது. அட்டையில் இருந்த பாடம்தான் அவனை ஏமாற்றியது. அட்டைகள் கூடாது என்று சொல்ல மாட்டேன். கூடவே ‘அழுதா கேட்கணும், எதுக்கு அழுறீங்கன்னு’ என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள் என்பேன். ஊகிப்பதைவிடக் கேட்பது நம்பகமானது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும்தான்.

அப்புறம் அதே நாத்தனார் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தார். கைக்குழந்தை அழ ஆரம்பித்தால் தம்பி ‘வாயை மூடு! வாயை மூடு!’ என்று அதைவிடச் சத்தமாகக் கத்துவான். ஒரு தடவை தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையின் வாயைப் பொத்தப் போனான். வீடு கலங்கிவிட்டது. ‘இவனுக்குக் குழந்தையைக் கண்டாலே ஆகல, ஏதாவது பண்ணிடுவான்’ என்று பேச்சு வந்தது. ஆபத்து உண்மையானதுதான், அதில் சமாதானம் பேச ஒன்றுமில்லை. அவனைக் குழந்தையோடு தனியாக விடுவதை நிறுத்தினோம். ஆனால் காரணம் வெறுப்பு என்பதை நான் ஏற்கவில்லை. அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். குழந்தை அழாத நேரத்தில் தூளிப் பக்கம் போய்ப் போய் எட்டிப் பார்ப்பான். மிக்ஸி போட்டால் குழந்தை திடுக்கிடுகிறது என்பதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தவன் அவன். சட்னி அரைக்கும் நேரத்தில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடிவிடுவான். கடைசியில் ஒருநாள் தன் காதடைப்பானைக் கொண்டுவந்து, குழந்தைக்குப் போடுங்கள் என்று நீட்டினான். சத்தம் குறைப்பதற்கான அந்தப் பெரிய காதடைப்பான்தான் அவனுடைய சொத்திலேயே உயர்ந்தது. தூங்கும்போதுகூடப் பக்கத்தில் வைத்திருப்பான்.

குழந்தையின் அழுகை அவனுக்கு இரண்டு வழியில் வலித்தது, காதுக்கு ஒரு வலி, குழந்தைக்கு என்னவோ ஆகிறதே என்று ஒரு வலி. ‘வாயை மூடு’ என்பது இரண்டையும் நிறுத்தச் சொல்லும் கூச்சல். ‘கத்தாதே’ என்று தடுத்ததில் பலன் இல்லை, ஏனென்றால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வேலை கொடுத்தோம். குழந்தை அழுதால் காதடைப்பானைப் போட்டுக்கொள், பாட்டியிடம் போய் ‘பாப்பா அழுது’ என்று சொல், அப்புறம் மாடிக்குப் போய்விடு. சில நாளில் பாட்டி குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டிச் செய்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான். அது வேறு தொல்லை.

பள்ளியிலிருந்து வந்த புகார் இன்னும் பெரிதாக இருந்தது. விளையாடும்போது ஒரு பையன் விழுந்து முட்டியில் ரத்தம். தம்பி பலமாகச் சிரித்தான். சிரித்துவிட்டு, ‘உன் ரத்தம் ஓ பாசிட்டிவா?’ என்று கேட்டிருக்கிறான். (லேப்காரி மகன், வேறு என்ன கேட்பான்?) ‘இரக்கம்னா என்னன்னு வீட்டுல சொல்லிக் குடுங்க’ என்றார் டீச்சர். அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. அந்தப் பையனுக்குச் சீழ் பிடிக்குமா, டிடி ஊசி போட்டார்களா, காலை மடக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் பேண்ட்-எய்ட் ஒரு கட்டு எடுத்துப் போய், முகத்தைப் பார்க்காமல் அந்தப் பையனின் டெஸ்க்கில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். அதை யாரும் டைரியில் எழுதி அனுப்பவில்லை.

பயத்திலும் பதற்றத்திலும் சிரிப்பு வருவது பலருக்கு உண்டு. ஆட்டிசம் உள்ள சிலருக்கு அதை அடக்குவது இன்னும் கஷ்டம். நம் நாட்டில் ஆட்டிசம் சான்றிதழுக்குப் பயன்படுத்தும் ஐசா அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, பொருத்தமில்லாத உணர்ச்சி வெளிப்பாடு. மதிப்பெண் போடுகிறவர் பார்ப்பது வெளியே தெரிவதை. உள்ளே இருப்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. அளவுகோல் மேல் எனக்குக் குறை இல்லை, அதன் வேலை அடையாளம் காண்பது. பள்ளியும் உறவும் அந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு குணத்துக்கே மதிப்பெண் போடுவதுதான் பிரச்சினை.

டீச்சரிடம் போய்ப் பேசினோம். அவன் சிரித்தால் அந்த நிமிஷமே ‘ஏன் சிரிச்சே?’ என்று கேட்காதீர்கள், அவனுக்குப் பதில் தெரியாது, இன்னும் சிரிப்பான். ‘ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் எடுத்துட்டு வா’ என்று வேலை கொடுங்கள். விழுந்த பையனிடமும், ‘அவன் பயந்தா சிரிப்பான், உன்னைக் கேலி பண்ணல’ என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்வதற்குப் பதில், ஏதாவது செய்து சரிக்கட்டச் சொல்லுங்கள். டீச்சர் முழுசாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன். பாக்ஸ் வேலையை மட்டும் கொடுத்துப் பார்த்தார். அது நன்றாக நடந்தது, அது போதுமாக இருந்தது.

வீட்டிலும் பேச்சை மாற்றினோம். ‘அம்மா எவ்வளவு கஷ்டப்படுறேன், உனக்குப் பாவமா இல்லையா?’ என்று கேட்டால் அவன் யோசித்து ‘தெரியல’ என்பான். உண்மையான பதில் அது. ‘அம்மாவுக்குத் தலைவலி. லைட்டை அணைச்சிட்டு, டிவி சவுண்டைக் குறை’ என்றால் அணைப்பான், குறைப்பான், அப்புறம் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் வந்து, ‘போயிடுச்சா? போயிடுச்சா?’ என்று கேட்டுத் தலைவலியை இன்னும் கூட்டுவான்.

இதுவரை சொன்னதெல்லாம் எங்களை மற்றவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற பக்கம். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். உலகத்தை வேறு வேறு விதமாக உணரும் இரண்டு பேர் சந்திக்கும்போது புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான் நடக்கிறது. ஏன் ஒருவர் தலையில் மட்டும் குறையைக் கட்டுகிறோம்? இதை இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல் என்கிறார்கள். படித்ததும் எனக்குப் பெரியப்பாவின் அறைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் பேச்சு எனக்கு ஆறுதலாகத் தெரியவில்லை, என் பேச்சு அவர்களுக்கு ஆறுதலாகத் தெரியவில்லை. சமமான தோல்வி. பெயர் மட்டும் எனக்கு வந்தது.

அந்தப் பெயர் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நோவா சாசன் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில விநாடிப் பதிவுகளை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். அந்தச் சில விநாடிக்குள்ளேயே பார்த்தவர்கள், ஆட்டிசம் உள்ளவர்களோடு பழக விருப்பம் குறைவு என்று முடிவு செய்துவிட்டார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நான் இதை ஆய்வு இல்லாமலே நம்பியிருப்பேன். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்த நோயாளிகளுக்கு ரிப்போர்ட்டோடு வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி அனுப்புவேன்: இது கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும் அளவு இல்லை, டாக்டரிடம் இதைக் காட்டுங்கள். ‘எவ்வளவு அன்பா எழுதுறீங்கம்மா’ என்று பதில் வரும். நேரில் என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆகவே முக்கியமான எதையும் நான் எழுதித்தான் சொல்வேன். உங்கள் வீட்டில் பேச்சில் முட்டிக்கொள்ளும் ஆட்டிசம் உள்ள பெரியவர் இருந்தால், ஒரு சண்டையையாவது வாட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள்.

எங்களைப் போன்றவர்கள் எங்களுக்குள் நன்றாகப் புரிந்துகொள்கிறோம் என்று ஒரு பேச்சும் இருக்கிறது. கேத்தரின் கிராம்ப்டன் குழு 2020-இல், காதோடு காதாகக் கதையைக் கடத்தும் விளையாட்டு மாதிரி எட்டு எட்டுப் பேரை வரிசையாக வைத்துச் சோதித்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை நன்றாகவே கடைசி வரை போனது. இரண்டு வகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. 2025-இல் 300 பேருக்கு மேல் வைத்துத் திரும்பச் செய்தபோது மூன்று வகை வரிசைகளுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. என் அனுபவமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆட்டிசம் உள்ள சிலரோடு சுற்றி வளைக்காமல் பேச முடிகிறது; வேறு சிலரோடு அரைமணி நேரம்கூட உட்கார முடியாது.

இன்னொரு எல்லைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ‘தெய்வக் குழந்தை’, ‘கள்ளங்கபடமே தெரியாது’, ‘எல்லார் வலியையும் அவன் உணருவான்’ என்பார்கள். பெற்றோர் கூட்டங்களில் இது அடிக்கடி வரும், கேட்க இதமாகவும் இருக்கும். எனக்கு இது அந்தப் பக்கத்துத் தவறு. என் மகன் பொய் சொல்வான், பக்கத்து வீட்டுப் பையனைக் கிள்ளுவான், மிச்சக் கேக்கை ஒளித்துவைப்பான். ஆட்டிசம் உள்ளவர்களில் யார் அழுதாலும் உள்ளுக்குள் ஒன்றும் அசையாதவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இன்ஜினியர் அதை வெளிப்படையாகவே சொல்வார். ‘எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அவங்களுக்கு வலிக்குதுன்னு தெரியும், உதவி செய்றது சரின்னும் தெரியும், செய்றேன்.’ அலுவலகத்தில் யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் முதலில் கிளம்புகிறவர் அவர். உணர்ச்சி வரவில்லை என்பதால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. சீரியல் வில்லன்களை வைத்து ஆட்டிசத்தையும் சைக்கோவையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒன்று: அந்த வில்லன் அடுத்தவர் மனசை அச்சுப் பிசகாமல் படித்துவிட்டு, அதனால் கொஞ்சமும் கலங்காமல் அதைப் பயன்படுத்திக்கொள்கிறவன். எங்களில் பலருக்கு வருவது நேர் எதிர். படிக்கத் தெரியாது, தெரிந்துவிட்டால் தாங்காது.

என் அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள். எங்களுக்குள் ரொம்ப நாள் உரசல். அவள் ஸ்கேனில் கட்டி என்று வந்ததைச் சொன்னால், நான் எனக்கு முன்பு வந்த கட்டியின் கதையைச் சொல்வேன். ‘உனக்கும் வந்துச்சு, நீ தனியா இல்ல’ என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி அது. அவளுக்கோ நான் பேச்சை என் பக்கம் இழுப்பதாகப் படும். ஆட்டிசம் பற்றித் தெரிந்த பிறகு, ஏற்பாட்டை அவளே கண்டுபிடித்தாள். போன் செய்யும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு எண் அனுப்புவாள். 1 என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இரு, நடுவில் ‘ம்’ போட்டால் போதும். 2 என்றால் வழி சொல்லு. 3 என்றால் கிளம்பி வா. 3 வந்தால் காரணம் கேட்காமல் பஸ் ஏறிவிடுவேன். 1 தான் எனக்குக் கஷ்டம்; வாயில் தீர்வு வந்து நிற்கும், விழுங்குவேன். அவளுடைய தோழிகள் இதைக் கேட்டுவிட்டு, நம்பர் போட்டு வாங்குவதெல்லாம் பாசமா என்று சிரித்தார்களாம். அவர்களில் ஒருத்தி இப்போது தன் கணவருக்கு நம்பர் அனுப்புகிறாள். அவருக்கு ஆட்டிசம் கிடையாது.

இரக்கம் இல்லாதவள் என்ற பெயர் இருக்கும்போதே, கடன் கேட்பவர்கள் என்னிடம்தான் வருவார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் விளங்காத கணக்கு. ஒருவர் கண் கலங்கி நின்றால் எனக்கு ‘இல்லை’ என்ற சொல் வராது. சொல்வது பொய்யாக இருக்கலாம் என்ற யோசனை அடுத்த நாள்தான் வரும். கொடுத்த பணம் நிறையப் போயிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைகளின் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பரிவைக் கற்றுக்கொடுக்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பாதியையாவது மறுப்பதற்குக் கொடுங்கள். பணத்தில் மட்டும் நிற்கும் விஷயம் இல்லை இது. ஆண் பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான். போன மாதம் தம்பி தன் ஜியாமெட்ரி பாக்ஸை, ‘அவன் அழுதான்’ என்று ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். ‘வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்’ என்ற வாக்கியத்தை நானும் அவனும் சாப்பாட்டு மேஜையில் மாறி மாறி ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அத்தைதான் கடன் கேட்கிறவர். நன்றாக அழுகிறார், தம்பி இரண்டு முறை அசராமல் சொல்லிவிட்டான், நான் இன்னும் பர்ஸைத் தேடுகிறேன்.